ஐந்து மணி வண்டியா, பத்து மணி வண்டியா

சமுதாயக் கூடத்தின் முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைக் கோமளாவுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். வேலம்பாக்கம் குடியிருப்பில் பஸ் என்று பேச்செடுத்தால் அவள் பெயர்தான் வரும். ஆற்றோரத்து வீடுகளை இடித்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு ஜனங்களை லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே இந்த எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து, நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் அவள். விடிகாலை ஐந்து மணிக்கு இங்கிருந்து புறப்பட்டு அடையாறு, மண்டைவெளி, மயிலாப்பூர் வழியாகப் பெரியாஸ்பத்திரி வரை நேராகப் போகிற ஒரு பஸ்; வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் போகிற பெண்கள் அத்தனை பேருக்குமாகச் சேர்த்து அவள் கேட்டது அது. இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் இன்னும் இறங்காத நேரத்தில், போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியே வந்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய நாள். உள்ளே நுழைந்த பெண்கள் ஒவ்வொருவரும் அவள் தோளைத் தட்டிவிட்டுத்தான் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் திரும்பிச் சிரித்தாள். சிரிக்கும்போதெல்லாம் நேற்றுக் காலை, சமையலுக்குப் போகும் மண்டைவெளி வீட்டில் மைதிலி மேடம் சமையலறை வாசலில் வந்து நின்ற விதம் கண்ணில் பட்டு, சிரிப்பு பாதியிலேயே நின்றது. அதை இங்கே நினைக்கக் கூடாது. இங்கே இத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை நினைத்தால் முகத்தில் தெரிந்துவிடும். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அது சுற்றும்போது ஒரு இறக்கை மட்டும் லேசாகத் தாழ்ந்து தாழ்ந்து போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதுவும் தோன்றாது என்று நினைத்தாள். ஆனால் மைதிலி மேடம் வீட்டுச் சமையலறையில் மின்விசிறி கிடையாது, சுவரில் புகையை வெளியே தள்ளுகிற சின்ன விசிறிதான் உண்டு, தாளிக்கும்போது அதைப் போட மறந்துவிட்டால் மேடத்துக்குத் தும்மல் வரும் என்று மனசு பாட்டுக்கு அங்கேயே போய் நின்றது.

அதிகாரியின் பெயர் பரணிதரன். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு பெரிய படத்தைச் சுவரில் மாட்ட அவரே ஸ்டூலில் ஏறிப் பாடுபட்டார். புதுச் சுண்ணாம்பில் ஒட்டுநாடா பிடிக்காமல் படம் உரிந்து உரிந்து வந்தது. கடைசியில் யாரோ கொண்டுவந்த சணல் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். கட்டி முடித்ததும் கூடம் கொஞ்சம் அமைதியானது. படம் அவ்வளவு அழகாக இருந்தது. நடுவில் வேலம்பாக்கம். அதன் மேல் நீலக் கோடு ஒன்று நகரத்திலிருந்து வந்து முடிந்தது; அது ரயில் என்றார். பச்சைக் கோடுகள் சின்ன பஸ்கள். ஒவ்வொரு கட்டடத்தின் வாசலையும் தொட்டுக்கொண்டு பெரிய ரோடு வரை போய்ச் சுற்றித் திரும்பின. சிவப்புக் கோடுகள் பெரிய பஸ்கள். நிறுத்தங்கள் எல்லாம் மேடையோடு, நிழலோடு, பஸ்ஸின் தரைமட்டத்துக்குச் சமமாகவே கட்டப்பட்டிருக்கும், முட்டி மடக்காமல் ஏறிக்கொள்ளலாம் என்றார். கோமளா அந்தப் பச்சைக் கோட்டில் கண்ணை வைத்தாள். அவளுடைய கட்டடம் பதினெட்டாம் நம்பர். அதன் வாசலிலேயே பச்சைக் கோடு வளைந்து திரும்பியது. அந்த வளைவில் அவள் நின்றாள். கையில் டிபன் பை, ஈரம் காயாத தலைமுடி, முந்தின ராத்திரியே பிசைந்துவைத்த மாவின் வாசனை விரலில். வண்டி வந்தது, ஏறினாள், ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பெரிய ரோட்டில் இறங்கி ரயில், ரயிலிலிருந்து பார்த்தால் கீழே அவள் தினமும் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகிற ரோடு ஒரு பூச்சி மாதிரி நெளிந்தது. மண்டைவெளியில் இறங்கும்போது இன்னும் ஆறு மணி அடிக்கவில்லை. மேடம் கதவைத் திறந்து, என்ன கோமளா இவ்வளவு சீக்கிரம், நாங்களே இன்னும் எழுந்திருக்கலை என்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்டபோது, கேட்டதாக நினைத்தபோது, கோமளா கண்ணை மூடித் திறந்தாள். படத்தில் கோடுகளும் கட்டங்களும்தான் இருந்தன, ஒரு ஆள்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். பின்னாலிருந்து ஒருத்தி, இதெல்லாம் எப்ப சார் வரும் என்று கேட்டாள். பரணிதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது நான் ஆசைப்பட்டு வரைஞ்சதும்மா," என்றார். "இப்படித்தான் இருக்கணும். மேல குடுத்தேன், நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா இந்த வருஷத்துக்குக் கிடைச்சது ஒரு வண்டி."

யாரும் கத்தவில்லை. அதுதான் கோமளாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் கூடமே இரண்டுபட்டிருக்கும். அன்றைக்கு இதே கூடம்தான், சுண்ணாம்புகூட அடிக்காத சுவர், நாற்காலிகள் இல்லை, எல்லோரும் தரையில். வந்தவர் வேறு அதிகாரி, ரிட்டயராகப் போகிற வயது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். காலையில் ஒரு பஸ் விடுகிறோம், இப்போதைக்கு அதுதான் முடியும், அதை வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கலாம் என்றார். அவ்வளவு சாதாரணமாகத்தான் சொன்னார். கோமளா எழுந்து மைக்கை வாங்கினாள். அதற்கு முன்னால் அவள் மைக்கைப் பிடித்ததில்லை. வாயருகே கொண்டுபோனதும் தன் மூச்சே கூடம் முழுக்கப் புயல் மாதிரி கேட்டதில் முதலில் பயந்தாள், பிறகு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. ஆயிரக்கணக்கில குடும்பத்தைக் கொண்டாந்து கொட்டிட்டு ஒத்த வண்டி விடறேன்னு சொல்றீங்களே, எங்களுக்கு ஆஸ்பத்திரி இல்லையா, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லையா, ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொண்ணுங்க இல்லையா என்று கேட்டாள். கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. இன்று யோசித்தாலும் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசியில்தான் அந்த வார்த்தை வந்தது. குடுத்தா எல்லாத்தையும் குடுங்க, இல்லாட்டி ஒண்ணும் வேணாம். கூடம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் அந்தப் பெரியவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு, கொண்டுவந்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. சரிம்மா என்று மட்டும் சொன்னார். அந்த வண்டி வேறு எங்கோ போனது. போன இடத்தில் யாரோ ஏறியிருப்பார்கள். அன்று இரவு சிநேகிதி விண்ணரசி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னாமா பேசின அக்கா என்றாள். ஒரு வாரத்துக்குக் கோமளாவின் காதில் கைதட்டல் கேட்டுக்கொண்டேயிருந்தது. இப்போதும் சில நாள் கேட்கிறது. ஷேர் ஆட்டோவில் ஒற்றைத் தொடையில் உட்கார்ந்துகொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது, திருவான்மியூரில் அடுத்த பஸ்ஸுக்காக நின்று நின்று பாதம் கொதிக்கும்போது, திடீரென்று கேட்கும். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். ஒன்றை வாங்கிக்கொண்டு மீதிக்குச் சண்டை போட்டிருக்கலாமே. போட்டிருக்க முடியாதா? ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தால், குடுத்தாச்சே என்று சொல்லி மீதியைத் தராமலே விட்டிருப்பார்கள் என்று அப்போது நினைத்தாள். இப்போது மீதியும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படிப் போய், அப்படி வந்து, மறுபடியும் அந்தச் சரியிலேயே மனசு மாட்டிக்கொள்கிறது.

பரணிதரன் விளக்கிக்கொண்டிருந்தார். வண்டி புதிது இல்லை, வேறொரு ரூட்டிலிருந்து எடுத்துத் தருகிறோம். காலை ஐந்து மணிக்கு இங்கிருந்து கிளம்பினால், அதை முடித்துக்கொண்டு அது தன் பழைய ரூட்டுக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் காலையில் அங்கே ஓடிவிட்டு, பத்து மணிக்கு இங்கே வந்து ஒரு முறை போகும். இரண்டு நேரத்துக்கும் விடக் கேட்டுப் பார்த்தேன், டிரைவர் கண்டக்டர் இல்லை, டீசலுக்கு வழியில்லை என்றார்கள். நாங்களே ஒரு நேரத்தை முடிவு பண்ணி அனுப்பியிருக்கலாம், ஆனால் போகிறவர்கள் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்று வந்தேன். ஒருத்தி, அந்தப் பழைய ரூட்ல இருக்கிறவங்களுக்கு என்றாள். அவர் அவளைப் பார்த்து, அவங்களுக்கு ஒரு நடை குறையும்மா என்றார். இவரிடம் ஒளிவு மறைவு இல்லை. கோமளாவுக்கு அவரைப் பிடித்தது. பிடித்ததில் எரிச்சலும் வந்தது. ஏமாற்றுகிறவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர் இருந்ததைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று தள்ளி நிற்கிறார். அதுவரை ஒன்றாக உட்கார்ந்திருந்த கூடம் அந்த நிமிஷத்தில் இரண்டாகப் பிரிந்ததைக் கோமளா திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள். முணுமுணுப்பு வலப்பக்கம் ஒரு மாதிரியும் இடப்பக்கம் ஒரு மாதிரியும் கேட்டது. ஐந்து மணி என்றால் வேலைக்குப் போகிறவர்கள். பத்து மணி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், ஊசி போடப் போகிறவர்கள், வயசானவர்கள். அவள் பக்கத்து நாற்காலியில் விண்ணரசி உட்கார்ந்திருந்தாள். அவள் பத்து மணி. கோமளா ஐந்து மணி. அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் கோமளா ஐந்து மணி இல்லை. நேற்றிலிருந்து இல்லை. நேற்று அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கூல் வேன் வந்து போய்விட்டிருந்தது. மேடத்தின் இரண்டு பிள்ளைகளும் அன்று டப்பாவில் பிரெட்டை எடுத்துக்கொண்டு போனதாக மேடத்தின் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். மைதிலி மேடம் வங்கியில் வேலை பார்ப்பவள், ஒரு நாளும் முகம் சுளித்துப் பேசியவள் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்தால் தனக்கு எடுக்கிற கடையிலேயே எடுப்பாள். அவள் சமையலறை வாசலில் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. கோமளா அப்போதே வெங்காயம் உரிக்கத் தொடங்கியிருந்தாள், அதனால் கண்ணில் தண்ணீர் வந்ததை வெங்காயத்தின் மேல் போட்டுக்கொள்ள முடிந்தது. ஒண்ணும் தப்பா எடுத்துக்காத கோமளா, உன் கையில தப்பே இல்ல, நீ எங்கேயிருந்து வர்றேன்னு எனக்குத் தெரியாதா, ஆனா நான் என்ன பண்றது சொல்லு, பிள்ளைங்களை நான் பட்டினியா அனுப்ப முடியுமா என்றாள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் நடந்தே வருகிறாளாம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியாகிவிட்டது. கோமளா உரித்த வெங்காயத்தை நறுக்கி, வதக்கி, குழம்பையும் கூட்டி இறக்கிவிட்டுத்தான் வந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று வரும் வழியெல்லாம் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அப்படியே கத்தியை வைத்துவிட்டு வந்திருக்கலாம். கை கேட்கவில்லை. பத்து வருஷம் அந்த அடுப்பில் நின்ற கை. உப்புகூட ருசி பார்த்துச் சரியாகப் போட்டது. மேடம் வாசல்வரை வந்தாள். ஒரு நேர் பஸ் இருந்தா நீ நேரத்துக்கு வந்திருப்ப இல்ல என்றாள், ஏதோ ஆறுதல் மாதிரி. ஆமாம்மா என்றாள் கோமளா. அந்த ஆமாம் நேற்றிலிருந்து உள்ளே கிடந்து உறுத்துகிறது. புருஷனிடம் சொல்லவில்லை. அவன் செக்யூரிட்டி டியூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான்; எழுப்பிச் சொல்லலாம் என்று கட்டிலருகே போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். விண்ணரசியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வந்தபோது விண்ணரசி, நாளைக்கு மீட்டிங்ல நீ பேசுவல்லக்கா என்றாள். அப்புறம் எப்படிச் சொல்வது? பஸ் வாங்கித் தரப் போகிறவளுக்கே வேலை போய்விட்டது என்றால் கேட்கவே ஒரு மாதிரியாக இல்லையா.

விண்ணரசியின் புருஷன் சேவியர் பின்வரிசையில், கதவோரம், காற்று வரும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஆட்டோ ஓட்டியவன். ஆற்றோரத்தில் இருந்தபோது அவன் ஆட்டோ வந்தால் தெருமுனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்கும். பஸ்ஸில் போகிறவர்களைக் கிண்டல் பண்ணுவான், மந்தையில அடைச்ச மாதிரி போறீங்களே என்பான். இப்போது அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். மத்தியானம்தான் அவனுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு இங்கிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். ஒவ்வொரு இடத்திலும் விண்ணரசி ஏறி மேலிருந்து அவன் கையை இழுக்க வேண்டும், இல்லையென்றால் கீழே நின்று இடுப்பில் முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்பார்கள். ஒரு முறை கோமளா கூடப் போனாள். திருவான்மியூரில் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு மற்றக் காலைத் தூக்க முடியாமல் அவன் அப்படியே நின்றபோது அவன் கழுத்துப் பின்புறம் வேர்வை ஓடியதை அவள் பார்த்தாள். அவன் திரும்பிக் கோமளாவைப் பார்த்துச் சிரித்தான். என்னால ஒரு டிராபிக் ஜாம் அக்கா என்றான். நேர் பஸ் என்றால் ஒரு முறை ஏறினால் போதும், ஒரு முறை இறங்கினால் போதும். பத்து மணி வண்டி அவனுக்கென்றே நேரம் பார்த்து வைத்த மாதிரி இருந்தது. இதை எல்லாம் எழுந்து நின்று சொல்லலாம். கோமளா சொன்னால் கேட்பார்கள். ஐந்து மணி பெண்களிலேயே பாதிப் பேர் கையை இறக்கிவிடுவார்கள். சொல்லிவிட்டால்? பின்னால் இருக்கிற கீதாவுக்கு ராயப்பேட்டையில் மூன்று வீடு. வள்ளிக்கு அடையாறில். வாரக்கணக்காக அவர்களும் நேரம் தாண்டித்தான் போகிறார்கள். அவர்களுக்கும் ஒரு சமையலறை வாசல் இருக்கும், அதில் ஒருத்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். அது நடக்கட்டும் என்று விடுவதா? தனக்கு நடந்துவிட்டது என்பதால் இனி ஐந்து மணி வேண்டாம் என்பதா? அப்படி நினைத்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. கீதாவுக்காக, வள்ளிக்காக. அந்த நிம்மதியின் அடியில் இன்னொன்று இருந்தது. ஐந்து மணி வண்டி வந்துவிட்டால் நேராக மேடத்திடம் போய், அம்மா பஸ் வந்துடுச்சு, இனிமே ஆறரைக்கு முன்னாடி வாசல்ல நிப்பேன் என்று சொல்லலாம். புதுப்பெண்ணின் கைப்பக்குவம் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகலாம். பெரியவன் கோமளாவின் புளிக்குழம்பு இல்லாமல் சாப்பிட மாட்டான். இது கீதாவுக்காக இல்லையே. இது யாருக்காக? எது முதலில் தோன்றியது, எது பிறகு தோன்றியது என்று அவள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்த மாதிரிதான் இருந்தது.

பேசுகிறவர்கள் பேசினார்கள். ஒரு பெரியவர் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் ஏழரைக்கு விட்டால் என்ன என்று கேட்டு, ஏழரை யாருக்கும் உதவாது என்று எல்லாரும் சிரித்தார்கள். வள்ளி அழுதுவிட்டாள். நிறைமாதமாக இருந்த ஒரு பெண் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பத்து மணி என்றாள். விண்ணரசி மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமளா அக்கா பேசட்டும் என்று பின்னாலிருந்து குரல் வந்தது, இன்னொரு குரல் வந்தது, மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. அதே மைக்கோ வேறோ, கைப்பிடி வேர்வையில் வழவழவென்றிருந்தது. அவள் வாயருகே கொண்டுபோனாள். மூச்சுச் சத்தம் கேட்டது. எல்லாம் வேணும் என்று இந்த முறை சொல்ல முடியாது. ஒண்ணும் வேணாம் என்றும் சொல்ல முடியாது. எனக்கு வேலை போயிடுச்சு என்று ஆரம்பிக்கலாம். அதிலிருந்து ஆரம்பித்தால் மீதி தானாக வரும். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் கூடம் முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே பரணிதரன், அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அழகான படம். "நான் என்ன சொல்றது," என்றாள். "அவங்கவங்க மனசுக்குப் பட்டதுக்குக் கையைத் தூக்குங்க." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை.

முதலில் பத்து மணிக்குக் கேட்டார்கள். பரணிதரனோடு வந்திருந்தவர் வரிசை வரிசையாக விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். கோமளா திரும்பவில்லை. பக்கத்தில் விண்ணரசியின் கை மேலே போனதைப் புடவையின் அசைவில் தெரிந்துகொண்டாள். முழுக்கத் தூக்கவில்லை. முழங்கை மடியிலேயே இருக்க, உள்ளங்கை மட்டும் தோள் உயரத்துக்கு, பள்ளிக்கூடத்தில் விடை சரியாகத் தெரியாத பிள்ளை தூக்குகிற மாதிரி. இப்போது தூக்கலாம். தன் கை தொடைமேல் கிடந்தது. அதில் நேற்றைய வெங்காய வாசனை போகவில்லை, எத்தனை முறை கழுவியும். இப்போது, எண்ணுகிறவர் இன்னும் இந்த வரிசைக்கு வரவில்லை. இப்போது, வந்துவிட்டார். விரல் விண்ணரசியைத் தொட்டு, கோமளாவைத் தாண்டி, அடுத்த நாற்காலிக்குப் போனது. அடுத்து ஐந்து மணிக்குக் கேட்டபோது அவள் கை தானாக மேலே போனது. இத்தனை வருஷம் கேட்டுக்கேட்டுப் பழகிய கை. தூக்கியபிறகுதான் தூக்கியிருப்பது தெரிந்தது. இறக்கலாமா என்று நினைப்பதற்குள் எண்ணியாகிவிட்டது.

ஐந்து மணி வண்டி என்று முடிவானது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஒரு பெஞ்சு ஆட்கள் அளவு. பின்னால் கைதட்டினார்கள். பரணிதரன் படத்தை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே அவளிடம், சந்தோஷம்தானேம்மா என்று கேட்டார். சந்தோஷம் சார் என்றாள். அவர் கண்ணைப் பார்த்தபோது அவரும் வீட்டுக்குப் போய் இதை நினைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. நாற்காலிகளை இழுக்கிற சத்தத்தில் கூடம் காலியானது. விண்ணரசி எழுந்திருக்கவில்லை. ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று கோமளா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும். விண்ணரசி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையோ கணக்குப் பார்த்து முடித்தவள் மாதிரி திரும்பினாள்.

"நாங்களும் அந்த வண்டியிலேயே வந்துடறோம்க்கா. ஆறரைக்குப் போய்ச் சேர்ந்துட்டா மத்தியானம் வரைக்கும் அங்கேயே வராண்டாவுல படுக்க வெச்சுக்கறேன். ஏத்தி விடத்தான் ஆள் வேணும். நீதான் அதுல வருவியே."

கோமளா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள். "வருவேன்," என்றாள். "நான் வராம எங்க போறது."

அடுத்த மாதம் வண்டி வந்தது. அதற்குள் கோமளா ஒரு தடவை மண்டைவெளிக்குப் போய்வந்தாள். புதுப்பெண் கதவைத் திறந்தாள், உள்ளேயிருந்து பெரியவன் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, கோமளா ஆன்ட்டி என்று கையாட்டிவிட்டுத் தட்டுக்குத் திரும்பினான், அவ்வளவுதான். முதல் நாள் விடிவதற்கு முன்னால் பஸ் வாசலில் பெண்கள் கூட்டம், யாரோ கற்பூரம் காட்டி வண்டிக்குப் பூ வைத்தார்கள். சேவியரைக் கோமளா கீழிருந்து தாங்க, விண்ணரசி மேலிருந்து இழுத்தாள். ஒரே முயற்சியில் ஏறிவிட்டான். ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். காற்று முகத்தில் பட, அவன் கண்ணை மூடிக்கொண்டான். ரோடு காலியாக இருந்தது. அடையாறில் வள்ளி இறங்கினாள், கையசைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பாலம் தாண்டி, மரங்கள் தாண்டி, பழக்கப்பட்ட பால் பூத், பழக்கப்பட்ட கோயில் சுவர். மண்டைவெளியில் பஸ் நின்றது. மணி இன்னும் ஆறாகவில்லை. தெருவிளக்கு அணையவில்லை, அந்த வெளிச்சத்தில் மேடம் வீட்டுத் தெரு கடைசிவரை தெரிந்தது. நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். விண்ணரசி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, உன் ஸ்டாப்பு."

"தெரியும். உக்காரு. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் வரேன்."

விண்ணரசி ஏதோ கேட்க வாயெடுத்தாள். கோமளாவின் கையைப் பார்த்தாள். டிபன் பை இல்லை. கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியபோது கோமளா அந்தத் தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, சமையலறை விளக்கு இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். வண்டி அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தது.